அவனுக்கு நான் என்ன பண்ணேன்?

போன வருசம் ஐப்பசி மழைல ஒரு ராத்திரி, மணி 11.30 இருக்கும், கோத்தகிரிக்குக் கீழ ஒரு லைன் வீட்ல இருந்து போன் வந்துச்சு. நான் இந்தப் பக்கம் சிசிடிவி, வைஃபை மாட்டற வேலை பாக்கறேன். கூப்பிட்டது ஒரு பாட்டி, சிலோன்ல இருந்து வந்த குடும்பம், தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சு ரிட்டையர் ஆனவங்க. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான், அம்மா தனியா இருக்காங்களேன்னு ஆன்லைன்ல ஒரு சின்ன கேமரா வாங்கி அனுப்பியிருந்தான், சுத்தித் திரும்பற ரகம், அங்கிருந்து பேசினா இங்க கேக்கும், அதை மாட்டிக் கொடுத்தது நான்தான். "தம்பி, இந்தப் பொட்டிக்குள்ள எவனோ பேசறான்"னாங்க, குரலே நடுங்குச்சு. ஒயரைப் புடுங்கி விடுங்க பாட்டி, காலைல வரேன்னு சொன்னேன்.

காலைல பனி விலகறதுக்குள்ள போயிட்டேன். கேமரா மேல ஒரு பழைய துண்டைப் போத்தி, அது மேல சணல் கயிறு சுத்திக் கட்டி வெச்சிருந்தாங்க. ஒயரைப் புடுங்கினதுக்கு அப்புறமும் கட்டியிருக்காங்க. கட்டில்ல படுக்கல, அடுப்படில உக்காந்தே விடிய வெச்சிருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு கேட்டா, படுத்திருந்தப்ப கேமரா தலை தானா திரும்புச்சாம், சின்னதா க்ர்ர்னு ஒரு சத்தம், எந்திரிச்சு கதவுகிட்ட போனா அதுவும் கூடவே திரும்புச்சாம், பையன்தான் பாக்கறான்னு நெனச்சு "ஏன்டா இன்னும் தூங்கலையா"ன்னு கேட்டிருக்காங்க. பதிலுக்கு ஒரு ஆம்பளைச் சிரிப்பு, புரியாத பாஷைல ரெண்டு வார்த்தை, அப்புறம் திடீர்னு சைரன். திருடன் வந்தா அடிக்கட்டும்னு அந்த கேமராவுலயே ஒரு சைரன் வெச்சிருக்கான், அதை எவனோ அமுக்கி விட்டிருக்கான்.

"யாரு தம்பி அவன்? அவனுக்கு நான் என்ன பண்ணேன்?"

மொத கேள்விக்கு என்னால பாதி பதில் சொல்ல முடியும், எந்த வழியா வந்திருப்பான், என்ன பாஸ்வேர்டைப் போட்டிருப்பான்னு. ரெண்டாவது கேள்விக்கு அன்னைக்கு வாயே வரல. அதுக்கப்புறம் இதைப் பத்தி நெறைய படிச்சேன், யோசிச்சேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

தூரத்துல இருந்து ஒருத்தருக்குக் கெடுதல் பண்ணறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. செய்வினை, ஏவல்னு சொல்றோமே, அது வேற என்ன? நான் அதை நம்பறவன் இல்ல, ஆனா அந்த நம்பிக்கைக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. செய்வினை வைக்கணும்னா அந்த ஆளோட முடி வேணும், காலடி மண் வேணும், கட்டின துணி வேணும், பேரும் நட்சத்திரமும் தெரியணும். அதாவது எவனுக்குக் கெடுதல் நெனைக்கறமோ அவனை நல்லாத் தெரிஞ்சிருக்கணும், அவன் மேல வருசக்கணக்குல ஒரு வன்மம் இருக்கணும், பங்காளிச் சண்டையோ வரப்புத் தகராறோ ஏதோ ஒண்ணு. அதனாலதான் வீட்ல கெட்டது நடந்தா நம்மாளுங்க மொதல்ல கேக்கறது "நமக்கு யாரு ஆகாதவங்க"ன்னு. பாட்டியும் அதைத்தான் தேடினாங்க, மேல் லைன்ல தண்ணிக்கு சண்டை போட்ட ஒருத்தரைக் கூட ஞாபகப்படுத்திப் பாத்தாங்க. வாலி கதைல மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சு நின்னு அம்பு விட்டது சரியா தப்பான்னு பட்டிமன்றத்துல இன்னும் வழக்கு முடியல, ஆனா அந்த அம்பைப் புடிச்சு இழுத்துப் பாத்தப்ப அதுல பேரு இருந்துச்சு, வாலி படிச்சான், கேள்வி கேட்டான். பாட்டிக்குப் படிக்கறதுக்கு ஒரு பேரு கூட இல்ல. வந்தவனுக்கும் பாட்டியோட பேரு தெரியாது, ஊரு தெரியாது, கோத்தகிரின்னு ஒரு எடம் இருக்கறதே தெரிஞ்சிருக்காது. அவன் கைல இருந்தது ஒரு நம்பர், அந்த கேமராவோட இணைய முகவரி.

பகையே இல்லாம கெடுதல் நடக்கறது மலைல இருக்கற எங்களுக்கு வேற ஒரு ரூபத்துல பழக்கம். காட்டுப்பன்னிக்குன்னு அவுட்டுக்காய் வெப்பாங்க, பழத்துக்குள்ளயோ மாவு உருண்டைக்குள்ளயோ வெடிமருந்தை வெச்சு வழில போட்டுட்டுப் போறது, யானை கடிச்சா வாய் கிழிஞ்சு தீனி தின்ன முடியாம பல நாள் பட்டினில சாகும். கரண்டு வேலியும் அப்படித்தான். முறையான சோலார் வேலி விட்டு விட்டு ஒரு நொடிக்கும் கம்மியான நேரம்தான் ஷாக் கொடுக்கும், மிருகம் பயந்து விலகும், ஆனா வீட்டு லைன்ல இருந்து 230 வோல்ட்டை நேரா கம்பில கொக்கி போட்டு விட்டா தொட்டது எதுவா இருந்தாலும் முடிஞ்சுது. 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படி ஒரு வேலில ஒரே ராத்திரி 3 யானை செத்துச்சு, 2 குட்டிங்க தாய் பக்கத்துலயே நின்னுச்சு. கொக்கி போடறவன் கொலைகாரன் மனசோட போடறதில்ல, பயிரைக் காப்பாத்தணும்னுதான் போடறான், போட்டுட்டு வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டுத் தூங்கறான். ராத்திரி அந்தப் பக்கம் வரப்போறது பன்னியா யானையா பக்கத்துத் தோட்டத்து ஆளான்னு அவனுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கற எடத்துல அவன் இல்ல. அவன் கை கம்பியை விட்டு எடுத்தாச்சு, மனசும் அங்கயே எடுத்துக்குது.

இந்த "கை எடுத்தாச்சு"ங்கறதை ஆராய்ச்சி பண்ணவங்க இருக்காங்க. 1961ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ஸ்டான்லி மில்கிராம் பண்ண சோதனை பத்தி சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஞாபகசக்தி பத்தின ஆராய்ச்சின்னு சொல்லி சாதாரண ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து, அடுத்த ரூம்ல இருக்கறவர் தப்பா பதில் சொல்லும்போதெல்லாம் 15 வோல்ட்ல ஆரம்பிச்சு 450 வரைக்கும் ஷாக் கொடுக்கச் சொன்னாங்க. உள்ள இருந்தவர் நடிகர், நெஜமா கரண்டு போகல, ஆனா ஸ்விட்ச் அமுக்கினவங்களுக்கு அது தெரியாது. சுவத்துக்கு அந்தப் பக்கம் இடிக்கற சத்தம் மட்டும் கேட்ட 40 பேர்ல 26 பேர் கடைசி வரைக்கும் போனாங்க. எல்லாரும் இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்லிட்டு மனுசன் மோசம்னு முடிச்சுடுவாங்க. அதுக்கு அடுத்தது இருக்கு. ஷாக் வாங்கறவரை அதே ரூம்ல கண்ணு முன்னாடி உக்கார வெச்சா 40ல 16 பேர்தான் போனாங்க, அவர் கையைப் புடிச்சு தகட்டு மேல நீயே அழுத்தணும்னு சொன்னா 12 பேர். இன்னொண்ணு, உத்தரவு போடற விஞ்ஞானி பக்கத்துல நிக்காம போன்ல பேசினா சுமார் 20 சதவீதம் பேர்தான் கேட்டாங்க. நல்லா கவனிச்சா அடிபடறவன் தள்ளிப் போகப் போக அவனோட வலி தேயுது, அதே மாதிரி உத்தரவு போடறவன் தள்ளிப் போனா அவனோட அதிகாரமும் தேயுது. யாரு கிட்ட இருக்காங்களோ அவங்க பக்கம் கை சாயுது. எனக்கு இந்தப் பாதிதான் முக்கியமா படுது, பின்னாடி திரும்ப வரேன்.

ரெண்டாவது, பட்டன் விசயம். வண்டி ஓடி வர்ற தண்டவாளத்துல 5 பேர், மேல பாலத்துல ஒருத்தர், அவரைத் தள்ளி விட்டா வண்டி நின்னு 5 பேரும் பொழைப்பாங்க, தள்ளுவியான்னு கேக்கற புதிர் இருக்குல்ல, அதை ஜோஷுவா கிரீன்ங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 2009ல கொஞ்சம் மாத்தி மாத்திக் கேட்டுப் பாத்தாங்க. கையால தள்ளறது சரின்னு சொன்னவங்க 31 சதவீதம். தூரத்துல இருந்து ஒரு ஸ்விட்சைத் தட்டி அவர் காலுக்குக் கீழ பலகை திறக்கற மாதிரின்னா 63 சதவீதம். அதே ஸ்விட்ச் பாலத்து மேலயே அவர் பக்கத்துலயே இருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு பேர் சரின்னாங்க, ஆனா கழியால தள்ளணும்னா மறுபடி எறங்கிடுச்சு. அப்ப தடுக்கறது கிலோமீட்டர் கணக்கு இல்ல. நம்ம ஒடம்போட பலம் அடுத்தவன் ஒடம்பு மேல படுதாங்கறதுதான் உள்ள மணி அடிக்குது. ஃபியரி குஷ்மன்னு ஒருத்தர் 2012ல வெளியிட்ட சோதனைல ஆளுங்களை விட்டு போலிக் காலை சுத்தியலால அடிக்கச் சொன்னாங்க, போலித் துப்பாக்கியை நீட்டச் சொன்னாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு அவங்களுக்கே தெரியும், அப்பவும் பதட்டத்துல ரத்தக் குழாய் சுருங்குச்சு. அறிவுக்குத் தெரிஞ்சாலும் ஒடம்பு கேக்க மாட்டேங்குது. ஒரு மொபைல் ஸ்கிரீன்ல கட்டை விரலை வெக்கறப்ப அந்தச் சுருக்கம் எங்க இருந்து வரும்? சினிமா டிக்கெட் போடற அதே விரல், அதே அழுத்தம்.

இப்ப அந்தக் கட்டை விரலுக்கு எவ்வளவு தூரம் எட்டுதுன்னு பாருங்க. 2015ல சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நெடுஞ்சாலைல ஓடிட்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை வீட்ல உக்காந்துக்கிட்டே லேப்டாப் வழியா மடக்கினாங்க, ஓட்டினவர் முன்கூட்டியே சம்மதிச்ச பத்திரிகையாளர். வண்டி வேகம் எடுக்காம நடு ரோட்ல நின்னுச்சு, அப்புறம் மெதுவா போறப்ப பிரேக்கையே புடுங்கி பள்ளத்துல எறக்கிக் காட்டினாங்க. கம்பெனி 14 லட்சம் வண்டியைத் திரும்ப வரவழைச்சு சரி பண்ணுச்சு. படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது கல்லட்டி மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவு, செகண்ட் கியர்ல எஞ்சின் பிரேக்கை நம்பி எறங்கற எடம். இதய பேஸ்மேக்கர்லயும் இதே பயம் உண்டு, அமெரிக்கத் துணை ஜனாதிபதியா இருந்த டிக் செனி 2007ல தன் நெஞ்சுல இருந்த கருவியோட வயர்லெஸ்ஸை நிறுத்த வெச்சார், 2017ல சுமார் 4,65,000 பேஸ்மேக்கருக்கு பாதுகாப்பு அப்டேட் போட வேண்டி வந்துச்சு.

இதெல்லாம் நடக்கலாம்ங்கற கதை. நடந்தது ஒண்ணு சொல்றேன், எனக்கு ரொம்ப வலிச்ச சம்பவம். வலிப்பு நோய் இருக்கறவங்கள்ல சுமார் 3 சதவீதம் பேருக்கு வேகமா மின்னற வெளிச்சம் பட்டா வலிப்பு வரும். 2008 மார்ச்சுல வலிப்பு நோயாளிங்க ஒருத்தருக்கொருத்தர் ஆறுதலா பேசிக்கற ஒரு இணைய எடத்துல எவனோ கூட்டமா பூந்து மின்னற படங்களைப் போட்டு விட்டாங்க. 2019 நவம்பர்ல, அது வலிப்பு நோய் விழிப்புணர்வு மாசம், மறுபடியும் அதே வேலை. பணம் இல்ல, அரசியல் இல்ல, போட்டவனுக்கும் பாத்தவங்களுக்கும் எந்த ஒறவும் இல்ல. போட்டவன் எவனும் ஒருத்தர் தரைல விழுந்து துடிக்கறதைப் பாக்கல, பல்லுக்கு நடுவுல நாக்கு மாட்டி ரத்தம் வர்றதைத் தொடைக்கல. படத்தைப் போட்டான், போயிட்டான். அவுட்டுக்காய் வெச்ச மாதிரிதான்.

அப்ப பாத்தா நிறுத்துவானா? சில நேரம் நிறுத்தறான். 2020 செப்டம்பர்ல ஜெர்மனில டுசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரையெல்லாம் ஒரு கும்பல் பூட்டிருச்சு, பணம் கேட்டு விட்டுப் போன கடிதம் பல்கலைக்கழகத்து பேருக்கு இருந்துச்சு, ஆஸ்பத்திரின்னே அவங்களுக்குத் தெரியல போல. போலீஸ் தொடர்பு கொண்டு, டேய் இது ஆஸ்பத்திரி, உயிர் ஊசலாடுதுன்னு சொன்னதும் பணம் வாங்காமயே சாவியைக் கொடுத்துட்டு ஒதுங்கிட்டாங்க. ஆம்புலன்ஸ்ல வந்த ஒரு அம்மாவை அதுக்குள்ள வேற ஊருக்குத் திருப்பி விட்டிருந்தாங்க, அவங்க எறந்துட்டாங்க, தாமதத்தாலதான் போனாங்கன்னு நிரூபிக்க முடியலைன்னு அரசு வக்கீலுங்க பின்னாடி சொல்லிட்டாங்க. நான் அந்தக் கும்பலுக்கு நல்ல சர்ட்டிபிகேட் கொடுக்கல, ஆனா "சர்வர்"னு இருந்தது "நோயாளி"ன்னு ஆன அந்த நிமிசம் அவங்க கை பின்வாங்குச்சுங்கறது நெஜம். டிரோன் ஓட்டற அமெரிக்க ராணுவத்துக்காரங்களைப் பத்தி 2013ல வந்த ராணுவ ஆய்வும் இதுக்குப் பக்கத்துலதான் நிக்குது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி பத்திரமா உக்காந்திருக்கவங்களுக்கும் விமானத்துல போயி சண்டை போடறவங்களுக்கும் மனநோய் வர்ற அளவு ஒண்ணாத்தான் இருந்துச்சு. அவங்க நாள்கணக்கா ஒரே வீட்டைப் பாக்கறாங்க, அந்த ஆள் பிள்ளையைத் தூக்கறதைப் பாக்கறாங்க, குண்டு விழுந்த பின்னாடியும் பாக்கறாங்க.

ஆனா இங்கதான் எனக்கு இடிச்சுது. எங்க பாட்டியை அவன் பாத்தானே. கட்டில்ல இருந்து கதவு வரைக்கும் தொடர்ந்து பாத்தான், நடுங்கறதையும் பாத்துட்டுத்தான் சைரனை அமுக்கினான். பாத்தா மனசு எளகும்ங்கறது எங்க போச்சு?

ரெண்டு காரணம் எனக்குப் படுது. ஒண்ணு, அது ஒரு பக்கப் பார்வை. நம்ம ஒருத்தரைப் பாக்கும்போது அவங்க திரும்பி நம்மளைப் பாக்கறதுலதான் வெக்கம், கூச்சம், இரக்கம் எல்லாம் பொறக்குது, சந்தைல தராசை ஏமாத்தறவன் கூட கண்ணைப் பாத்துப் பேச மாட்டான். பாட்டி பாத்தது ஒரு பிளாஸ்டிக் உருண்டையை. ரெண்டாவது காரணம் மில்கிராம்கிட்ட இருக்கு, யாரு கிட்ட இருக்காங்கங்கற கணக்கு. 2019 டிசம்பர்ல அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல 8 வயசுப் பொண்ணோட ரூம் கேமராவுக்குள்ள ஒருத்தன் பூந்து நான்தான் சாண்டா கிளாஸ்னு பேசினான், கேமரா மாட்டி 4 நாள்தான் ஆகியிருந்துச்சு. அதே சமயத்துல இப்படி வீடுகளுக்குள்ள பூந்து மிரட்டறதை நேரலையா ஓட்டி ஆளுங்களைக் கூட்டிச் சிரிச்ச ஒரு கும்பலே வெளிச்சத்துக்கு வந்துச்சு. அவனுக்கு அந்தக் குழந்தை எங்கயோ இருக்கு, கைதட்டற கூட்டாளிங்க ஹெட்போன் வழியா காதுக்குள்ளயே இருக்காங்க. எங்க பாட்டி வீட்ல பேசினவன் பக்கத்துலயும் எவனாவது இருந்திருப்பான்னுதான் நெனைக்கறேன், ரெண்டு வார்த்தை பேசினானே, அது பாட்டிகிட்ட பேசினதா எனக்குத் தோணல.

மியான்மர், கம்போடியா பக்கம் ஆன்லைன் மோசடிக் கூடாரங்கள்ல மாட்டிக்கிட்ட நம்ம தமிழ்ப் பசங்க கதையும் இதுலதான் வருது. டேட்டா என்ட்ரி வேலைன்னு கூட்டிட்டுப் போயி பாஸ்போர்ட்டைப் புடுங்கி, எங்கயோ இருக்கற முகம் தெரியாத ஆளுங்களை ஏமாத்தச் சொல்லி அடிச்சிருக்காங்க, டார்கெட் முடிக்கலைன்னா ஷாக் வெச்சிருக்காங்க. கட்டையோட நிக்கறவன் ஒரு அடில, ஏமாறப் போறவர் கடல் தாண்டி. எந்தப் பக்கம் கை சாயும்? அந்தப் பசங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா அந்த எடத்தை அப்படி அமைச்சவனுக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

இப்ப என் பங்குக்கு வரேன், இதைச் சொல்லாம விட்டா எழுதினதுக்கே அர்த்தம் இல்ல. அந்த கேமராவுக்கு நான் போட்ட பாஸ்வேர்டு, நான் மாட்டின எல்லா வீட்டுக்கும் போட்ட அதே பாஸ்வேர்டு. கஸ்டமர் மறந்துட்டா மலை ஏறி எறங்க வேண்டியதில்ல, போன்லயே சரி பண்ணிடலாம்னு ஒரு சவுகரியம். பையன் திருப்பூர்ல இருந்து பாக்கணும்னு ரவுட்டர்ல போர்ட்டையும், அதாவது வெளில இருந்து கேமராவுக்கு வர்ற வழியையும், தொறந்து விட்டேன். இப்படித் தொறந்து கெடக்கற கதவை ஒண்ணொண்ணா தட்டிப் பாக்கறதுக்குன்னே புரோகிராம் இருக்கு, ராப்பகலா ஓடும். 2016ல மிராய்னு ஒரு வைரஸ் சுமார் 60 டீஃபால்ட், அதாவது கம்பெனியே போட்டு அனுப்பற, யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடியை மட்டும் வெச்சுக்கிட்டு, 123456, 888888 மாதிரி, லட்சக்கணக்கான கேமராவையும், வீடியோ பதியற டிவிஆர் பொட்டியையும் புடிச்சு அந்த அக்டோபர்ல அமெரிக்காவுல பல பெரிய வெப்சைட்டையே தடுமாற வெச்சுது. எழுதினது காலேஜ் வயசுப் பசங்க. அந்தப் பாஸ்வேர்டை ஃபேக்டரில போட்டு அனுப்பினவன் எவன் முகத்தையும் பாக்கல, எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டு மாட்டின என்னை மாதிரி ஆளுங்களும் பாக்கல. நான் பாட்டி வீட்ல டீ குடிச்சுட்டுதான் மாட்டினேன், முகம் தெரியாதவங்க இல்ல, இருந்தும் பாஸ்வேர்டு போடற அந்த நிமிசம் என் கண்ணு முன்னாடி இருந்தது பாட்டி இல்ல, ஒரு ஃபார்ம்ல ஒரு கட்டம். கரண்டு வேலிக்குக் கொக்கி போட்டவனைப் பத்தி மேல எழுதினப்ப என்னையும் சேத்துத்தான் எழுதினேன்.

அதனாலதான் இதை ஹேக்கரோட மனசாட்சிகிட்ட மட்டும் விடக்கூடாதுன்னு சொல்றேன். அவன் கைக்கும் பாட்டிக்கும் நடுவுல சுருங்கற ரத்தக் குழாய் இல்லைன்னா அந்த எடத்துல ஒரு பூட்டாவது இருக்கணும், பூட்டு போடறது மாட்டறவன், செய்யறவன் வேலை. பிரிட்டன்ல 2024 ஏப்ரல்ல இருந்து எல்லாப் பொருளுக்கும் ஒரே சுலபமான டீஃபால்ட் பாஸ்வேர்டு வெச்சு விக்கறதே சட்ட விரோதம். இந்தியாவுல 2025 ஏப்ரல்ல இருந்து சிசிடிவி கேமராவுக்குப் பாதுகாப்பு சோதனை கட்டாயம்னு வந்திருக்கு, நல்லது, ஆனா ஏற்கனவே செவுத்துல இருக்கறதை அந்தச் சட்டம் வந்து கழட்டாது. அப்புறம், உங்க வீட்ல இப்படி நடந்தா 1930ங்கற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க, கேமராவைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஆப்ல இருக்கற லாகின் ஹிஸ்டரியை போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

பாட்டிகிட்ட மறுபடி போனேன். போர்ட்டை மூடி, பாஸ்வேர்டை மாத்தி, அவங்க பேத்தி பேரும் அவங்க சொன்ன ஒரு நம்பரும் சேத்து போட்டேன், கேமராவை ரூமுக்குள்ள இருந்து எடுத்து வெளித் திண்ணைல, தேயிலைச் செடிப் பக்கம் பாத்த மாதிரி மாட்டினேன். நான்தான் பாட்டி பூட்டாம விட்டேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "நீ தெரிஞ்சா பண்ண?"ன்னாங்க, டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. அந்தத் துண்டும் சணல் கயிறும் இன்னும் ஜன்னல் கம்பிலதான் தொங்குது, சாயங்காலம் 6 மணிக்கு மேல எடுத்து கேமராவைக் கட்டிடறாங்கன்னு பையன் சொல்றான். கட்டட்டும்னு சொல்லிட்டேன்.

என் நோட்ல 64 வீடு இருந்துச்சு, அதே பாஸ்வேர்டு. 53 முடிச்சாச்சு. மீதி கட்டபெட்டு பக்கம், மழை விட்டா நாளைக்குப் போகணும்.